படுகை நிலம்: ‘வெள்ளச் சமவெளி’ என்ற சொல் ஏன் கூடாது

‘மீன்களுக்காக வெள்ளச் சமவெளிகள் மறுசீரமைக்கப்படுகின்றன.’ சூழலியல் மொழிபெயர்ப்புகளில் இந்த மாதிரி வாக்கியம் அலுக்காமல் வந்துகொண்டிருக்கிறது. படிப்பவருக்கு என்ன புரியும்? எங்கோ ஒரு பெரிய சமவெளி வெள்ளத்தில் கெட்டுவிட்டது, அதைச் சரிசெய்கிறார்கள் என்றுதான் புரியும். நடப்பதோ நேர்மாறானது. வெள்ளம் வராமல் கெட்டுப்போன நிலத்தில் மறுபடி ஆற்றுநீர் ஏற வழி திறக்கிறார்கள். சொல் பிசகியதால் செய்தியே தலைகீழாகிவிட்டது.

மூலச்சொல் ஆங்கிலத்தின் ஃப்ளட்பிளெய்ன். ஃப்ளட் என்றால் வெள்ளம். பிளெய்ன் என்பது லத்தீனில் தட்டையானது என்ற பொருளுள்ள பிளானுஸ் வழி வந்தது. இரண்டு துண்டையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியதில் பிறந்தது வெள்ளச் சமவெளி. தமிழில் இதற்குச் சொல் இருக்கிறதா என்று காவிரிக் கரையில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும், ‘படுகை’ என்று சொல்லியிருப்பார்.

படு என்ற வினைக்குக் கிடத்தல், தாழ்தல், வந்து சேர்தல் என்றெல்லாம் பொருள். வருகை, இருக்கை போலக் கை விகுதி சேர்ந்து படுகை. படுகர் என்ற பழஞ்சொல்லுக்கும் அகராதிகளில் பள்ளம், மருதநிலம் என்ற பொருள்கள் உண்டு. கொள்ளிடத்தில் இன்றும் இது பேச்சுவழக்கு. ஆற்று மணலுக்கும் பெரிய கரைக்கும் நடுவே வண்டல் ஏறிக் கிடக்கும் நிலம்தான் படுகை. வாழையும் மூங்கிலும் காய்கறியும் விளையும். முக்கொம்பில் பெருமளவு நீர் திறந்தால் நிலம் மூழ்கும். நீர் வடிந்ததும் வண்டல்மேல் மறுபடி உழுவார்கள். மயிலாடுதுறை மாவட்டத்து நாதல்படுகை என்ற ஊர்ப் பெயரிலேயே சொல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து ஊர் முதலைமேடு திட்டு. திட்டு என்றால் ஆற்றின் நடுவே மேடிட்ட இடம். படுகை, திட்டு, மேடு, மடு, ஓடை என்று ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த மக்களிடம் போய், அத்தனையையும் அழித்துச் ‘சமவெளி’ என்கிறோம்.

என் முதல் வழக்கு இந்தச் ‘சமம்’ மேல்தான். அது சமமான நிலமே அல்ல. ஓர் அடி உயர வேறுபாட்டில் மீன் பிழைக்கிறது, அல்லது சாகிறது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். அதன் கரையிலுள்ள சாக்ரமென்டோ நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 59,000 ஏக்கரில் யோலோ பைபாஸ் என்ற நிலப்பரப்பு இருக்கிறது. ஆறு பெருகினால் 1924-இல் கட்டி முடித்த ஃப்ரீமாண்ட் கலிங்கின் (மிகுநீரை வழியவிடும் கட்டுமானம்) மேலே வழிந்து இதற்குள் பாயும், நகரம் தப்பும். காவிரிக்குக் கொள்ளிடம் எப்படியோ, சாக்ரமென்டோவுக்கு இது அப்படி. கோடையில் நெல்லும் தக்காளியும் விளையும் அந்த நிலத்தில், மழை நன்றாகப் பெய்த குளிர்காலங்களில் மைல்கணக்கில் தண்ணீர் நிற்கும்.

அந்தத் தண்ணீரில்தான் ஷினூக் சால்மன் குஞ்சுகள் கொழுக்கின்றன. ஆற்றின் நடுவோட்டம் குளிர்ச்சி, வேகம், இரை குறைவு. படுகையில் நீர் ஆழமின்றித் தேங்கி வெயிலில் இளஞ்சூடாகிறது. அறுத்த தாளும் சருகும் அழுகி நுண்ணுயிர் பெருக, அதைத் தின்று டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு பெருகுகிறது. இரண்டு மூன்று வாரம் நீர் நின்ற வயலில் ஒரு கண்ணாடிக் குவளை முகந்து வெளிச்சத்தில் பிடித்தால், புள்ளி புள்ளியாகத் துள்ளுவது எல்லாம் மீனுக்கு இரை. யோலோவில் வளர்ந்த குஞ்சுகள் ஆற்றில் வளர்ந்தவற்றைவிட வேகமாகப் பெருத்ததை 2001-இலேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். பிறகு யோலோவிலேயே உள்ள நேக்ஸ் பண்ணையின் நெல்வயலில் அறுவடைக்குப் பின் நீர் கட்டிக் குஞ்சு விட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்தன. 1991-இல் வைக்கோல் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் வந்தபின், தாளை மட்கவைக்க அங்குள்ள உழவர்கள் ஏற்கெனவே குளிர்காலத்தில் நீர் கட்டி வந்தனர் என்பதால் இது அவர்களுக்குப் புது வேலையும் அல்ல.

கெடுவது எங்கே? நீர் வடியும்போது. வயலின் தாழ்ந்த மூலையில் வடிமடை இல்லாவிட்டாலும், நடுவில் வெளியேற வழியில்லாத பள்ளம் இருந்தாலும் குஞ்சுகள் அங்கே அகப்பட்டு நாரைக்கு இரையாகும். ஆகவே நிலமெங்கும் ஒரே பக்கமாக இறக்கம் இருக்க வேண்டும். வரப்போரமாக ஆழமான வாய்க்கால் ஒன்று எடுத்து, அதை மடையோடு சேர்க்க வேண்டும். மடைப்பலகையில் ஒரு வெட்டு விட்டு மேல்நீர் ஓயாமல் வழியவிட்டால், ஓட்டத்தை உணர்ந்து மீன் வழி கண்டுகொள்ளும். பலகையை மொத்தமாக அடைத்துவைத்துக் கடைசி நாளில் திறந்தால் பலன் இல்லை. பள்ளம், கால், இறக்கம் என்று இத்தனை இருக்கும் நிலத்தைச் ‘சமவெளி’ என்று படித்துப் பழகிய ஒருவர், மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்து பழைய ஓடைத்தடத்தைத் தூர்த்து மட்டம் தட்டினால் யாரைக் குற்றம் சொல்வது?

அடுத்தது ‘வெள்ளம்’. பழந்தமிழில் அது பெருக்கத்தின் பெயர், பேரெண்ணின் பெயரும்கூட. இன்றைய செய்தித்தமிழில் அதற்குப் பேரிடர் என்ற ஒரு பொருள்தான் மிச்சம். ‘வெள்ள’ என்று தொடங்கினாலே அடுத்து ‘அபாயம்’, ‘நிவாரணம்’ என்றுதான் மனம் ஓடும். படுகைக்காரர்கள் ‘தண்ணீர் ஏறிவிட்டது’ என்பார்கள். ஏறியது இறங்கும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

படுகைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானதுதான், மழுப்பக் கூடாது. ‘காவிரிப் படுகை’ என்று ஆற்றின் முழு வடிநிலத்தையும் சொல்கிறோம், ‘ஆற்றுப்படுகையில் மணல் அள்ளுகிறார்கள்’ என்று ஆற்றின் அடித்தரையையும் சொல்கிறோம். மூன்றாவதாக இதையும் ஏற்றினால் குழப்பம் என்கிறார்கள். ஆனால் யார் வீட்டுக்குள் யார் புகுந்தது? கரையோரத்து வண்டல் நிலத்துக்கு வழங்கிவந்த பெயரை, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புக்கு நீட்டியது மொழிபெயர்ப்பாளர்கள்தான். அந்தப் பரப்புக்கு வடிநிலம் என்ற தெளிவான சொல் இருக்கிறது. நீர்வளத்துறை அலுவலகப் பலகைகளிலேயே ‘வடிநிலக் கோட்டம்’ என்று எழுதியிருக்கும். அடித்தரைப் பொருளை மறுக்க முடியாது, படுகை அணை என்ற சொல்லில் அதுதான் நிற்கிறது. ஐயம் வரும் இடத்தில் ‘படுகை நிலம்’ என்று எழுதினால் தீர்ந்தது. உழுது பயிர் வைப்பது, நீர் ஏறி இறங்குவது இரண்டும் அதில் அடங்கும். படுகை நிலம் என்றதும் எந்த உழவரும் ஆற்று மணலை நினைக்க மாட்டார்.

‘மறுசீரமைப்பு’ இன்னும் மோசம். ஆற்றுச் சீரமைப்பு என்றால் நம் ஊர்களில் கண்ணுக்குத் தெரிவது கரைக்குக் கல் பதிப்பு, நடைபாதை, கம்பி வேலி. இங்கே பேசப்படுவது அவற்றை விலக்குவது. கலிபோர்னியாவின் கொசம்னஸ் ஆற்றில் 1985-இல் கரை தானாக உடைந்து ஒரு வயலில் மணல் பரவியது. யாரும் நடாமலே காட்டன்வுட்டும் வில்லோவும் அதில் முளைத்துக் காடாயின. அதைப் பார்த்துத்தான் 1990-களில் வேண்டுமென்றே கரையைத் திறந்தார்கள். இதற்கு ‘மீட்பு’ என்ற மூன்றெழுத்து போதும். ஆற்றிடமிருந்து பறித்த நிலத்தை ஆற்றுக்கு மீட்டுத் தருவது என்ற பொருளும் சரியாகவே விழுகிறது.

ஃப்ரீமாண்டில் இருப்பதைத் ‘தடுப்பணை’ என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். தடுப்பணை நீரைத் தேக்கும். மிகுநீரை வழியவிடும் கட்டுமானத்துக்கு ஏரிப்பாசனத் தமிழர் வைத்த பெயர் கலிங்கு. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் அங்கே அண்மையில் செய்த வேலை விளங்கும். கலிங்கின் உச்சிக்குக் கீழே ஒரு வாய் வெட்டி மதகு வைத்தார்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வினாடிக்கு 6,000 கனஅடி வரை அதன் வழியே விடலாம். ஆறு கலிங்கைத் தாண்டாத ஆண்டிலும் குஞ்சுகள் படுகைக்குள் வரும், மார்ச் நடுவில் அடைத்துவிடுவதால் நெல் விதைப்புக்கு நிலம் காய அவகாசம் கிடைக்கும். ‘தடுப்பணையில் துளை’ என்று மொழிபெயர்த்தால் உடைப்பு என்றல்லவா படும்?

ரைப்பேரியன் என்பதைக் ‘கரையோர’ என்கிறார்கள். லத்தீனில் ரீப்பா ஆற்றங்கரைதான், சரி. ஆனால் இலங்கைத் தமிழருக்குக் கரையோரம் என்றால் கடற்கரை. ஆற்றோரம், ஓடையோரம் என்று எழுதினால் இரு நாட்டிலும் ஒன்றே புரியும். ஆற்றோர மரம் நீருக்கு நிழல் தருகிறது, வேரால் கரையைப் பிடிக்கிறது, உதிரும் பூச்சியை மீனுக்குத் தருகிறது.

குஞ்சின் பருவங்களுக்கும் புதுச்சொல் தேட வேண்டாம். விரல் நீளம் வளர்ந்ததை மீன்வளத்துறை விரலி என்கிறது. மீனின் பெயர் மட்டும் சால்மனாகவே இருக்கட்டும். அதை வஞ்சிரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. வஞ்சிரம் கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்வது, எந்தப் படுகையிலும் ஏறாது. காலா என்பதும் ஆகாது. இந்தியன் சால்மன் என்று சந்தையில் விற்பது காலாவை, அது வேறு குடும்பம்.