லயத்தில் நாய் வளர்க்கிறீர்களா? பதிவு, ஊசி, பக்கத்துக் காம்பிராவின் உரிமை

மலையகத் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் (தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசை) அபூர்வம். ராத்திரி காட்டுப்பன்றியும் சிறுத்தையும் இறங்கி வரும் இடத்தில், இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) ஒரு நாய் படுத்திருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தைரியம்தான். ஆனால் அதற்கு ஊசி எங்கே போடுவது, பதிவு என்று ஒன்று உண்டா, பக்கத்துக் காம்பிராவில், அதாவது பக்கத்து வீட்டில், உள்ள பிள்ளையை அது கடித்துவிட்டால் யாரிடம் போவது என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. இதற்கான சட்டம் நூறு வருடத்துக்கும் மேலாக இலங்கையில் இருக்கிறது. அரசாங்கம் இலவசமாகச் செய்து தரும் சேவைகளும் இருக்கின்றன. இரண்டுமே லயத்து நாய்க்கும் பொருந்தும்.

அடிப்படையான சட்டங்கள் இரண்டு. ஒன்று 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம். மற்றது 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம். இவற்றின்படி நாய் வைத்திருப்பவர் வருடந்தோறும் அதை உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும், விசர்நோய்க்கு எதிரான தடுப்பூசியும் போட வேண்டும். நுவரெலியா டவுனில் இருப்பவருக்கு அது மாநகர சபை. ஹட்டன், டிக்கோயா பக்கம் நகர சபை. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை போன்ற இடங்களில் பிரதேச சபை.

இங்கே தோட்ட மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசயம் உண்டு. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. அதன் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. பாதை, குப்பை, விளக்கு எது கேட்டாலும் “அது கம்பனி எல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே லயத்து நாய்களுக்குப் பதிவும் ஊசி முகாமும் வேண்டும் என்று சபையிடம் கேட்டால், தோட்டம் என்ற காரணத்தைச் சொல்லி இனி அனுப்பிவிட முடியாது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மறுபடியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வோட்டுக் கேட்டு லயத்துக்கு வந்தவரிடம் இதைக் கேட்பது நம் உரிமை.

“இது எங்கள் நாய் இல்லை, சும்மா வந்து கிடக்கிறது” என்ற பேச்சு எல்லா லயத்திலும் உண்டு. மேட்டு லயத்தில் ஒரு வாய், பணிய (கீழ்) லயத்தில் ஒரு வாய் என்று தின்று திரியும் நாய்க்குப் பொறுப்பெடுக்க ஆள் இருக்காது. என் கருத்து இதுதான்: தினமும் யார் கையில் சோறு தின்கிறதோ அவரே சொந்தக்காரர். நாலு வீடு சேர்ந்து போடுகிறீர்கள் என்றால் அதில் ஒருவர் பெயரில் பதியுங்கள், ஊசி அட்டையையும் அவரே வைத்திருக்கட்டும். கடித்த பிறகு சொந்தக்காரரைத் தேடுவது மிகவும் பொல்லாத வேலை.

ஊசி

விசர்நோய்த் தடுப்பூசியை அரசாங்கம் நாய்க்கு இலவசமாகப் போடுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அரச கால்நடை வைத்திய அலுவலகமும் ஊர் ஊராக நடத்தும் முகாம்களில் இது நடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குக் காணாது. பூனைக்கும் விசர் வரும், அதற்கும் ஊசி உண்டு. குட்டிக்கு எப்போது முதல் ஊசி, எப்போது அடுத்தது என்பதைக் கால்நடை வைத்தியர் சொல்வார். நாய் பெரிதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், குட்டியாகவே ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

முகாம் நடப்பது தெரியாமலே போவதுதான் நம் பக்கத்துப் பிரச்சினை. டவுனில் அறிவிப்புச் சொல்லும் வாகனம் மேல் டிவிசனுக்கு ஏறி வராது. வந்தாலும் வேலை நாளில் வந்தால், கொழுந்துக்குப் போனவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஒரு பெயர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போய்விடும், அந்தச் சம்பளத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். இதைப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமையோ வேலை விட்ட பிறகோ பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) முகாம் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தோட்டத் தலைவரும் நலன்புரி உத்தியோகத்தரும் சேர்ந்து கேட்டால் காரியம் இன்னும் லேசாகும்.

முகாமில் ஒரு அட்டை தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். அது யாருக்கு உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கடித்துவிட்டால்

விசர்நோய்க்கு அறிகுறி தொடங்கிவிட்டால் அப்புறம் காப்பாற்ற முடியாது. கடிபட்ட உடனே செய்வதெல்லாம்தான் உயிரைக் காக்கும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் ஊசி பரவலான பிறகு அந்தத் தொகை மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் முழுதாக நிற்கவில்லை, வருடந்தோறும் சிலர் இன்னும் சாகிறார்கள்.

கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். பீலித் தண்ணீர் (குழாய் வழியே விழும் தண்ணீர்) போதும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கழுவிய கையோடு அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஊசிக்குக் காசு இல்லை. முகம், கழுத்து, கை விரல்களில் கடி என்றால் அரை நாள்கூடத் தாமதிக்க வேண்டாம், முகத்திலும் கழுத்திலும் இருந்து கிருமி மூளைக்கு ஏறும் தூரம் குறைவு, விரல்களில் நரம்புகள் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் கடி விழுகிறது. பிள்ளை அடிக்குப் பயந்து சொல்லாமல் மறைக்கும், பிராண்டியதைக்கூட மறைக்கும். “கடித்தால் ஏச மாட்டேன், உடனே வந்து சொல்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வைத்தியசாலையில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி “யாருடைய நாய்?” அடுத்தது “ஊசி போட்டதா? அட்டை இருக்கிறதா?” நாய்க்கு வருடா வருடம் ஒழுங்காக ஊசி போட்டிருந்து, அதைக் கட்டி வைத்துக் கவனிக்கவும் முடியும் என்றால், பிள்ளைக்கு என்ன சிகிச்சை, எத்தனை ஊசி என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார். அட்டை இல்லாவிட்டால் பிள்ளைக்கு முழு ஊசியும் விழலாம். தாய் அத்தனை நாள் வேலையை விட்டு பஸ் ஏற வேண்டும். உங்கள் தகரப் பெட்டியில் இருக்கும் அந்த அட்டை உண்மையில் பக்கத்துக் காம்பிராப் பிள்ளைக்காகத்தான்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். 14 நாட்கள் கட்டி வைத்து, சாப்பாடு தண்ணீர் கொடுத்துக் கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் நாய் நன்றாக இருந்தால் கடித்த நேரத்தில் அதனிடம் விசர் இல்லை என்று அர்த்தம். சோறு தின்னாமல் வாயில் நீர் ஒழுகி, குரல் மாறி, கண்டதையெல்லாம் கடித்தால், அல்லது செத்துப்போனால், உடனே பொது சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்ல வேண்டும். தலையைக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். நீங்களாக வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்த நாயை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் வேறு தோட்டத்தில் விட்டுவிட்டு “ஓடிவிட்டது” என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்பவர் பக்கத்து வீட்டுக்காரரின் 14 நாள் நம்பிக்கையைப் பறித்துக்கொண்டு போகிறார்.

குரைப்பு, அசுத்தம், கோழி

லயத்தில் இரண்டு காம்பிராவுக்கு இடையில் இருப்பது ஒரே சுவர். காலையில் மலைக்கு ஏறும்போது நாயை மூன்றடிக் கயிற்றில் இஸ்தோப்புத் தூணில் கட்டிவிட்டுப் போனால், அது பின்னேரம் வரைக்கும் குரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பெக்டரியில் ராத்திரி வேலை முடித்தவர் தூங்கப் பார்ப்பார், அதற்கடுத்த வீட்டில் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும். கயிற்றை நீட்டி, நிழலும் தண்ணீரும் உள்ள வீட்டுப் பின்பக்கத்தில் கட்டினாலே பாதிக் குரைப்பு அடங்கிவிடும். தாகத்திலும் பசியிலும் நாயைக் கட்டிப்போட்டு வதைப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் ஆகலாம். அதில் சொல்லும் தண்டப் பணம் வெறும் 100 ரூபா. இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று பல வருடங்களாகக் குரல் எழுகிறது. மாறத்தான் வேண்டும்.

நாய்க் கழிவில் கொக்கிப்புழு முட்டையும் வட்டப்புழு முட்டையும் இருக்கும். வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும் லயத்து வாசலுக்கும் பீலிக்கரைக்கும் அது ஆகாது. மண்வெட்டியால் அள்ளிக் குழியில் புதைக்க வேண்டும், கானில் (வடிகாலில்) தள்ளினால் அது பணிய லயத்து வாசலுக்குத்தான் போய்ச் சேரும். நாய்க்குப் பூச்சி மருந்தும் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

கோழியைப் பிடித்தது, மரக்கறிப் பாத்தியைக் கிளறியது என்ற சண்டைக்குப் பொலிசு வரைக்கும் போகத் தேவையில்லை. முதலில் நேரில் பேசுங்கள். சரிவராவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமோ தலைவரிடமோ சொல்லுங்கள், அதற்கும் மேல் இணக்க சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்தச் சபைக்கு லோயர் வேண்டாம், இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். மாடு, ஆடு அயலார் தோட்டத்தில் மேய்ந்த கணக்கு வேறு, அதற்கு 1876ஆம் ஆண்டிலிருந்தே தனியாகக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரும் செய்யக் கூடாது. இறைச்சியில் நஞ்சு வைத்து நாயைக் கொல்வது தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றம். அந்த இறைச்சியை எடுப்பது பிள்ளையாகவும் இருக்கலாம்.

ராத்திரியில் நாயை அவிழ்த்துவிடுவதையும் யோசிக்க வேண்டும். தேயிலை மலையிலும் பற்றைக்காட்டிலும் திரியும் சிறுத்தைக்கு நாய் லேசான இரை. ஒரு தடவை லயத்து ஓரத்தில் நாய் கிடைத்தால் அது மறுபடியும் வரும். அப்புறம் மக்கள் பயப்படுவார்கள், வேலியில் சுருக்குக் கம்பி போட ஆள் கிளம்பும். சுருக்கு பெரும்பாலும் பன்றிக்காகப் போடுவதுதான், ஆனால் 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்தில் அதில் மாட்டியது ஒரு கருஞ்சிறுத்தை. சில நாளில் அது செத்தும் போனது. இருட்டியதும் நாயைச் சமையல் காம்பிராவிலோ கூட்டிலோ அடைத்துவிட்டால் நாயும் பிழைக்கும், அடுத்த வீட்டுக்காரர் விடியற்காலையில் பயமில்லாமல் பீலிக்கும் போகலாம்.

பெட்டைக் குட்டி வேண்டாம் என்று சாக்கில் கட்டி பஸார் ஓரத்தில் விடுவதற்குப் பதில் தாய் நாய்க்குக் கருத்தடை செய்யலாம். இலவச முகாம்களும் அவ்வப்போது நடக்கின்றன, எப்போது என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். கஷ்டமான வியாதி என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலையும் இருக்கிறது.

ஊசி முகாம் கேட்டுக் கடிதம் எழுதுபவர்கள் தோட்டத்தின் பெயர், டிவிசன், எத்தனை லயம், ஏறத்தாழ எத்தனை நாய் பூனை, எந்த நாள் எந்த நேரம் வசதி, பேசுவதற்கு ஒருவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒன்று, கால்நடை வைத்தியருக்கு ஒன்று, பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒன்று. தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. கையளிக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றால், அந்தப் பிரதியோடு உங்கள் வட்டாரத்து உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.