‘பயனர் ஆவணம்’ வேண்டாம், கையேடு போதும்

எங்கள் அலுவலக விக்கியின் முதல் பக்கத்தில், மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பக்கங்களுக்குத் தலைப்பாக, ‘பயனர் ஆவணம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவந்தேன். போன வாரம் பயிற்சி கொடுக்க வந்தவர் அதையே ‘பயனீட்டாளர் ஆவணம்’ ஆக்கிவிட்டார். மலேசியத் தமிழில் பயனீட்டாளர் என்றால் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவர். பினாங்கு பயனீட்டாளர் சங்கம்தான் நினைவுக்கு வரும். ஏமாற்றிய கடைக்காரர் மேல் புகார் எழுதும் பாரத்தின் பெயர்போல இருக்கிறது. சரி, இனியும் சும்மா இருப்பதற்கில்லை.

முதலில் விக்கி. ஹவாய் மொழியில் அதற்கு விரைவு என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தை மனத்தில் வைத்து, வார்டு கன்னிங்காம் 1995இல் தன் தளத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். படிக்கிறவரே திருத்தலாம் என்பதுதான் அதன் உயிர். 2004இல் வந்த கான்ஃபுளுவன்ஸ் போன்ற மென்பொருள்கள் அதை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தன. விக்கி விக்கியாகவே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு ஆவணத்தோடு. இலத்தீனில் ‘டோக்கேரே’ என்றால் கற்பித்தல். அதில் பிறந்த டாக்குமெண்ட் முதலில் பாடம், படிப்பினை என்ற பொருளில்தான் இருந்தது; சான்றுத்தாள் என்ற பொருள் பிறகு ஏறிக்கொண்டது. மென்பொருள்காரர்கள் டாக்குமெண்டேஷன் என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள்தான் திரும்ப வருகிறது: இதை இப்படிச் செய் என்று சொல்லித் தருவது. மொழிபெயர்த்தவரோ அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமிழில் ஆவணம் எங்கே நிற்கிறது? பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையைப் பாருங்கள். வழக்குக்கு ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்று சான்று கேட்கிறார்கள். முதியவராக வந்த சிவன், நீ எனக்கு அடிமை என்று காட்டக் கொண்டுவந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். அது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் வழக்கை வெல்கிறார். யாரும் மாற்ற முடியாது என்பதுதான் ஆவணத்தின் கெத்து.

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் இதற்குப் புராணம்கூட வேண்டாம். தோட்டத்தில் பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே ‘ஆவணம்’ என்றால் கை தானாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் பிறப்புப் பத்திரத்தைத் தேடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலைக் கணக்கைப் பதியும் முறை எங்கள் விக்கியில் இருக்கிறது. மென்பொருளைப் புதுப்பித்தபோது, நான்காம் படியில் அழுத்தச் சொல்லியிருந்த பொத்தான் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இது தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கு முதல் நாளே தெரியும். முப்பது வருடம் செக்ரோல் என்னும் ஆள்கணக்குப் பதிவேட்டை எழுதிய மனிதர். ஏன் அண்ணே பக்கத்தைத் திருத்தவில்லை என்று கேட்டேன். “ஆவணத்துல நான் கை வைக்கலாமா தம்பி? நாளைக்கு ஆடிட்டர் வந்தா யாரு பதில் சொல்றது?” என்றார். விக்கி வைத்ததே அவர் கை வைப்பதற்காக. தலைப்பில் இருந்த ஒரு சொல் அவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2020 முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. என்னும் மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயம். தணிக்கைக்கு வருகிறவர்கள் மருந்து தெளித்த பதிவு, பயிற்சிக்கு வந்தவர்களின் கையெழுத்து, தேதி எல்லாம் கேட்பார்கள். அவை ஆவணங்கள், பின்னால் போய்த் திருத்தினால் தப்பு. அதே விக்கியில், அதே பெயரில், பொத்தானை எங்கே அழுத்துவது என்பதையும் போட்டால் மனிதர் என்ன செய்வார்?

‘ஆவணப்படம்’ என்கிறோமே, அது மட்டும் சரியா என்று ஒரு நண்பர் மடக்கினார். சரிதான். நடந்ததைப் பதிந்து வைக்கும் படம் அது. பாட்டிமார் பாடும் தாலாட்டை ஆவணப்படுத்துவதும் அப்படியே. குலைக் கணக்கை எப்படிப் பதிவது என்பது நடந்து முடிந்த செய்தியா என்ன? ‘ஆவணமாக்கம்’ என்று வாலை நீட்டினாலும் இதே கோளாறுதான். தமிழாக இருந்தால் போதும், பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களோடு என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை. அதற்கு ‘மேனுவல்’ என்றே எழுதித் தொலைக்கலாம், அதுவாவது புரியும்.

மேனுவல் என்றதும் பாருங்கள், அதுவும் இலத்தீனில் கை என்று பொருள்படும் ‘மானுஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான். நம்மிடம் கையேடு இருக்கிறது. கையில் வைத்துக்கொள்ளும் ஏடு. ஏடு என்றால் ஒற்றை ஓலை. செல்லரித்துப்போனால் அந்த ஓலையை மட்டும் புதிதாக எழுதிச் சேர்க்கலாம். பக்கம் பக்கமாகத் திருத்தும் விக்கிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? பயனர் கையேடு. அவ்வளவுதான். பெயரை மாற்றினால் பழைய பதிப்புக்கான பக்கங்கள் தேடலில் முதலில் வந்து நிற்பது நின்றுவிடாது; அது வேறு தலைவலி.

கிராணியின் சட்டைப் பையில் எப்போதும் 555 என்று பெயர்போட்ட ஒரு சின்ன நோட்டு இருக்கும். நான்காம் படி அதில் பென்சிலில் சரியாக எழுதியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிகளான மண்டோர்கள் அதைத்தான் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை விக்கியின் தலைப்பைக் ‘கையேடு’ என்று மாற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல பென்சில் எங்கே இருக்கு தம்பி?”

வலது மூலையில், பென்சில் படம் போட்ட பொத்தானைக் காட்டினேன்.