கொழுப்புத் திசுவும் மார்பகப் புற்றுநோயும்: எடை எப்போது, எவ்வாறு ஆபத்தாகிறது?

உடல் எடைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை "எடை கூடினால் ஆபத்தும் கூடும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மாதவிடாய் நின்றுபோன பெண்களைப் பொறுத்தவரை அந்த வரி சரியானதுதான். மிகை எடையைத் தவிர்ப்பதால் இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறைகிறது என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய வல்லுநர் குழு 2016இல் முடிவு தெரிவித்தது. ஆனால் இளம் வயதில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. 19 நீண்டகால ஆய்வுகளில் பங்கேற்ற 7,58,592 பெண்களின் தரவுகள் 2018இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கப்பட்டபோது, 18 முதல் 24 வயதுக்குள் உடல் நிறைக் குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் BMI என்னும் எண்) 5 அலகு கூடுதலாக இருந்தவர்களுக்கு, மாதவிடாய் நிற்கும் முன் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவாக இருந்தது தெரியவந்தது. ஒரே உடல், ஒரே வகைத் திசு. ஆனால் வாழ்க்கையின் ஒரு கட்டத்தில் ஆபத்து குறைந்தும் மற்றொரு கட்டத்தில் கூடியும் காணப்படுகிறது. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உடலில் எங்கே உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜனைப் பெருமளவில் சுரப்பவை சூலகங்கள். அவை ஓய்ந்த பின்பும் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் இல்லாமல் போய்விடுவதில்லை. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி அதனை ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையாக மாற்றுகிறது. ஆகவே முதிய வயதில் கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்காக இருப்பதில்லை. உடலின் முதன்மையான ஈஸ்ட்ரோஜன் ஆலையாகவே ஆகிவிடுகிறது. திசு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு உற்பத்தியும் கூடுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பாலின ஹார்மோன்களைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சுமந்து செல்லும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. உடற்பருமனோடு இன்சுலின் அளவு உயரும்போது இந்தப் புரதம் குறைகிறது. அதன் பிடியில் இல்லாமல் தனித்துத் திரியும் ஈஸ்ட்ரடையோல் (ஈஸ்ட்ரோஜனின் இன்னொரு வகை) மிகுகிறது. மார்பகச் செல்களுக்குள் புகுந்து அவற்றைப் பெருகத் தூண்டுவது இந்தத் தனித்த பங்குதான். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுப் படியெடுப்பில் பிழை நேர வாய்ப்பு உண்டு என்பதால், இடைவிடாத தூண்டல் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது நல்லதல்ல. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளோடுதான் உடற்பருமனின் தொடர்பு வலுவாகத் தெரிகிறது என்பதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு, 2003இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வை நான் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தப்பட்ட எட்டு ஆய்வுகளின் தரவுகளை இணைத்தபோது, குறியீட்டெண் 5 அலகு உயர்ந்தால் ஆபத்து 19 விழுக்காடு உயர்வதாகத் தெரிந்தது. ஆனால் தனித்த ஈஸ்ட்ரடையோலின் அளவையும் கணக்கில் சேர்த்தவுடன் அந்த 19 விழுக்காடு வெறும் 2 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. அதாவது, எடையால் வந்ததாகத் தோன்றிய கூடுதல் ஆபத்து ஏறத்தாழ முழுவதும் ஹார்மோனின் வழியாகவே வந்திருந்தது. எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. அதிக ஆபத்துள்ள 3,864 பெண்களிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2014இல் வெளியாயின. அரோமடேஸ் நொதியைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் மருந்தை ஐந்து ஆண்டுகள் உட்கொண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது.

அழற்சிக்கும் இதில் பங்கு உண்டு. அளவுமீறிப் பருத்த கொழுப்புச் செல்கள் மடியும்போது நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றைக் கிரீடம் போல் சூழ்ந்துகொள்கின்றன. அங்கே வெளியாகும் அழற்சி வேதிப்பொருள்கள் அரோமடேஸ் உற்பத்தியை மேலும் தூண்டுகின்றன. மார்பகமே பெரும்பாலும் கொழுப்புத் திசுவால் ஆனது என்பதால், இந்த மாற்றம் பால் சுரப்பிகளுக்கு மிக அருகிலேயே நிகழ்கிறது.

இளம் வயதில் ஆபத்து குறைவது ஏன் என்பதற்கு இவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. பருமனான இளம்பெண்கள் சிலரிடம் சூல்முட்டை வெளிப்படாத மாதவிடாய்ச் சுழற்சிகள் கூடுதலாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது; அது மட்டுமே போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. இதைக் கேட்டு இளமையில் எடை கூட்டுவது பாதுகாப்பு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் இளம் வயதைவிட முதிய வயதிலேயே மிகுதியாக வருகிறது. இளமையில் ஏறிய எடை பெரும்பாலும் முதுமை வரை தொடர்கிறது. நீரிழிவும் இதய நோயும் அதனால் வரும் பிற கேடுகளாகும்.

எடைமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புவதும் போதாது. குறியீட்டெண் இயல்பான வரம்பில் இருந்த, மாதவிடாய் நின்ற 3,460 அமெரிக்கப் பெண்களின் உடல் கொழுப்பைக் கதிர்ப்படக் கருவியால் அளந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அவர்களுள் கொழுப்பு மிகுந்த கால்பகுதியினருக்கு, கொழுப்பு மிகக் குறைந்த கால்பகுதியினரைவிடப் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய் ஆபத்து 1.89 மடங்காக இருந்தது. இவர்களில் எவரும் பருமனானவராகக் கணக்கிடப்பட்டிருக்க மாட்டார்.

இந்த ஆபத்தின் அளவையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 5 அலகு என்பது 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 13 கிலோ எடை. அதனால் வருவது சில விழுக்காடுகள் முதல் இருபது விழுக்காடு வரையிலான ஒப்பீட்டு உயர்வு, அதாவது ஏற்கெனவே இருக்கும் ஆபத்தில் அவ்வளவு பங்கு கூடுவது. பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ1 (BRCA1) மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பெண்ணுக்கோ 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. வயது, குடும்ப வரலாறு, மது, குழந்தைப்பேறு, தாய்ப்பால் ஊட்டல் ஆகியவையும் தத்தம் பங்கை ஆற்றுகின்றன. எடை சீராக உள்ள பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. பருமனான பெண்களில் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. ஆகவே நோயுற்ற ஒரு பெண்ணிடம் அவளுடைய எடையைச் சுட்டிக் குற்றம் சொல்வதற்கு அறிவியல் எந்த இடமும் தரவில்லை.

எனினும், இதர காரணிகளில் பலவற்றைப் போலன்றி எடை மாற்றக்கூடியது. மாதவிடாய் நின்ற 61,335 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் தம் எடையில் 5 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தவர்களுக்கு ஆபத்து 12 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது மூன்றரை கிலோ. முதிய வயதில் எடையைக் குறைத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணை நான் தயங்காமல் எடுத்துக்காட்டுவேன்.