நேஷனாலிட்டி: கவிஞருக்கு எந்த நாட்டை எழுதுவது?

விண்ணப்பப் படிவங்களில் 'நேஷனாலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் பெரும்பாலும் 'தேசியம்' என்றே இருக்கும். பொருத்தமில்லை. தேசியம் என்றால் இன்று நம் காதில் விழுவது ஒரு கொள்கை, ஓர் அரசியல். 'தேசிய இனம்' இன்னொரு பக்கம் இழுக்கிறது. அது மக்கள் கூட்டத்துக்கு ஆகும், தனி ஒருவரின் பெயருக்கு எதிரே எழுத ஆகாது. 'குடியுரிமை' அரசு கொடுப்பது, வேண்டாமென்றால் பறிப்பது. மீதி இருப்பது 'நாட்டினம்'. பேச்சு வழக்கில் இல்லை என்றாலும், இருப்பதில் இதுதான் நெருக்கம். வாக்கியத்துக்குள் வரும்போது 'இன்ன நாட்டவர்' என்றால் போதும்.

மூலம் லத்தீன். 'நாஸ்கி' என்றால் பிறத்தல். அதிலிருந்து 'நாத்தியோ', பிறப்பு. அப்புறம் ஒரே மண்ணில் பிறந்த கூட்டம், அதற்கும் வெகுகாலம் கழித்து அரசும் எல்லையும் கொண்ட நாடு. இந்த நகர்வை மறந்துவிட்டு எழுதும்போதுதான் தவறு வருகிறது. கையில் பிடித்துப் பார்க்க, ஆங்கிலேய ஓவியரும் கவிஞருமான வில்லியம் பிளேக்கின் ஓவிய வரிசை ஒன்று இருக்கிறது.

பிளேக் 1800இல் லண்டனை விட்டு சசெக்ஸ் கடலோரத்து ஃபெல்பம் சிற்றூருக்குக் குடிபோனார். அங்கே அவரை ஆதரித்த வில்லியம் ஹேலி, தன் வீட்டு நூலகத்துக்காகக் கவிஞர்களின் தலைகளை வரைந்து தரச் சொன்னார். அந்த வரிசையின் 18 படங்கள் இப்போது மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் உள்ளன. அவற்றுக்குத் தமிழில் குறிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

தாந்தே: 'இத்தாலியக் கவிஞர்'. கை தானாக எழுதிவிடும். ஆனால் அவர் இறந்தது 1321இல். இத்தாலி ஒரே அரசானது 1861இல். அவர் ஃபிளாரன்ஸ்காரர், அந்த நகரமே 1302இல் அவரை நாடு கடத்தியது. நாடு கடத்தியது என்கிறோமே, கடத்தப்பட்டது ஓர் ஊரிலிருந்துதான். அவர் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு கடிதத்தில் 'பிறப்பால் ஃபிளாரன்ஸ்காரன், குணத்தால் அல்ல' என்று தன்னைக் குறிக்கிறார். அந்த 'பிறப்பால்' என்ற இடத்தில் லத்தீனில் நிற்பது நம் 'நாத்தியோ'வேதான்.

தாஸ்ஸோவும் அப்படியே. பிறந்த சொரெண்டோ நேப்பிள்ஸ் அரசைச் சேர்ந்தது, பிழைப்பு ஃபெர்ராரா அரசவையில். இவர்களை 'இத்தாலிய மொழிக் கவிஞர்' என்றால் பிழையே இல்லை. மொழி அப்போதே இருந்தது, அரசுதான் இல்லை.

குளோப்ஸ்டாக் கதை இன்னும் சுவாரசியம். குவெட்லின்பர்க்கில் பிறந்தவர்; டென்மார்க் மன்னர் தந்த உதவித்தொகையில் பல ஆண்டுகள் கோபன்ஹேகனில் வாழ்ந்தார்; 1792இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. குடியுரிமையை வைத்து எழுதினால் இவர் பிரெஞ்சுக்காரர் ஆகிவிடுவார்! ஜெர்மானியர் என்பதே சரி, 1871க்கு முன் ஜெர்மனி என்று ஒரே அரசு இல்லாவிட்டாலும்.

இந்த வேறுபாடு பழையதுதான். அதே வரிசையில் தலை காட்டும் பண்டை ரோமப் பேச்சாளர் சிசரோ, ஒருவருக்கு இரண்டு தாயகம் உண்டு, பிறப்பால் ஒன்று, குடிமையால் ஒன்று என்று எழுதியவர். அவர் பிறந்தது அர்பீனும் என்ற ஊரில், குடிமை ரோமுடையது.

தமிழ் இலக்கணமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. தொல்காப்பியம் நிலப்பெயர் என்றும் குடிப்பெயர் என்றும் இரண்டாகச் சொல்கிறது. சோழியன் நிலப்பெயர், மலையமான் குடிப்பெயர் என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. நாட்டினம் நிலப்பெயரின் பக்கம் நிற்கிறது. 'நாடு' என்ற சொல்லும் சோழர் காலத்தில் வளநாடு என்ற பெரும் பிரிவுக்குள் அடங்கிய சிறு பகுதிதான்; அந்த அளவில் பார்த்தால் தாந்தேயின் நாடு ஃபிளாரன்ஸ் என்பது தமிழுக்கு விநோதமே இல்லை.

ஹோமருக்கு 'கிரேக்கர்' போதும். சங்க இலக்கியத்தின் 'யவனர்' அயோனியா என்ற பெயரின் வழி வந்தது. ஹோமரின் காப்பியமொழி பெரும்பாலும் அயோனியக் கிளைமொழி. ஆக, யவனர் என்றாலும் தப்பில்லை, கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அவ்வளவே.

ஷேக்ஸ்பியர், மில்டன் விஷயத்தில் நம்மவர் தடுமாறுவது வேறிடம். 'ஆங்கிலக் கவிஞர்' என்பது மொழி, 'ஆங்கிலேயக் கவிஞர்' என்பது நாட்டினம். ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர் முன்னதில் அடங்குவார், பின்னதில் அடங்கமாட்டார். 'பிரித்தானியர்' என்பதை இவ்விருவருக்கும் தவிர்க்கலாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தது 1707இல், அதற்கு முன்பே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப் அந்த ஆண்டுக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தவர், எதை எழுதினாலும் நிற்கும்.

மாட்ரிட்டில் பிறந்த எர்சில்யா ஸ்பானியர். சிலி மண்ணில் நடந்த போரைப் பாடும் அவருடைய காப்பியத்தைச் சிலி தேசத்தார் தங்களுடையதாகக் கொண்டாடுவது நாட்டினத்தை மாற்றாது. கமொயென்ஸ் போர்த்துகீசியர், அவர் இறந்த ஜூன் 10 அந்த நாட்டின் தேசிய நாள்.

வரிசையில் இன்னொரு தலை, ஹேலியின் மகன் தாமஸ் அல்ஃபோன்சோ. சிற்பம் பயின்றவர், 1800இல் இளவயதில் இறந்தார். ஆங்கிலேயர் என்று தயங்காமல் எழுதலாம். 'கவிஞர்' என்பதைத்தான் எழுத முடியாது.