கோனார் நோட்ஸ் இல்லாத புத்தகம்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கோடையில் பல பல்கலைக்கழகங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் இந்த ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், வந்ததும் உட்கார்ந்து பேசலாம் என்று. இதற்கு 'காமன் ரீடிங்' என்று பெயர். விசா, டிக்கெட், குக்கர், ஊறுகாய் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. ஆகஸ்டில் கலந்துரையாடலுக்கு வந்து உட்கார்ந்த பிறகு பக்கத்து நாற்காலியிடம் “கதை என்ன?” என்று கேட்கிறார்கள். ஆண்டு தவறாமல் இதே கூத்து. (எம்.எஸ். போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது.)

மார்க் உண்டா என்றால், பல இடங்களில் இல்லை. சில இடங்களில் எழுத்துப் பயிற்சி வகுப்பின் முதல் கட்டுரையே இந்தப் புத்தகத்தின்மேல்தான். மின்னஞ்சலை முழுசாகப் படியுங்கள், தெரியும்.

பொறுமையைச் சோதிப்பது வேறொன்று: “சம்மரி படிச்சாச்சு, போதும்.” போதாது. பல பல்கலைக்கழகங்கள் தேர்ந்தெடுத்த ஒரு புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ஹென்றியெட்டா லாக்ஸ் பற்றி ரெபெக்கா ஸ்க்லூட் எழுதி 2010இல் வந்தது. சம்மரி சொல்வது இவ்வளவுதான்: 1951இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியெட்டா என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்ச் செல்களை அனுமதி கேட்காமல் ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள், அவை இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. “தவறுதான்” என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். அதோடு பேச்சு முடிந்தது. புத்தகத்தைப் படித்தவருக்குத்தான் மகள் டெபோரா ஆய்வகத்துக்குப் போகும் இடம் தெரியும். தாயின் செல்கள் உறைந்திருக்கும் குப்பியைக் கையில் வாங்கி, அம்மாவுக்குக் குளிருமே என்று ஊதிச் சூடாக்குகிறார். அந்தக் குப்பி யாருடையது? மருத்துவமனையுடையதா, மகளுடையதா? இதைக் கேட்டுப் பாருங்கள், அறையில் நான்கு கட்சி கிளம்பும். கட்சி கிளம்புவதற்காகத்தான் இந்த ஏற்பாடே! கோனார் நோட்ஸ் மாதிரி ‘முக்கிய வினாக்கள்’ தேடாதீர்கள், விடைத்தாள் என்று ஒன்று கிடையாது.

பெற்றோரின் குறை வேறு: “இந்த மாதிரி புத்தகத்தையா கொடுப்பார்கள்?” கொடுத்ததாலேயே பல்கலைக்கழகம் அதை ஆமோதிப்பதாக ஆகாது. 2002இல் சாப்பல் ஹில் வட கரோலைனா பல்கலைக்கழகம் குர்ஆனின் தொடக்கக்கால அத்தியாயங்கள் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தபோது வழக்கே போட்டார்கள், நீதிமன்றம் தடுக்க மறுத்துவிட்டது. படிக்க விரும்பாதவர்கள் ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்றும் பல்கலைக்கழகம் வழிவிட்டது. மறுப்பதற்கும் காரணம் எழுத வேண்டும், கவனித்தீர்களா?

சரி, செய்ய வேண்டியது. 300 பக்கம் என்றால் நாளுக்கு 15 பக்கம், 20 நாள். மே மாதமே முடித்தால் ஆகஸ்டுக்குள் மறந்துபோகும், ஜூலை நடுவில் தொடங்குங்கள். நூலகத்தின் மின்நூலை நம்பினால் ஒன்றைப் பாருங்கள்: சில உரிமங்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். கடைசி வாரத்தில் வரிசை நீளும். கெட்டி அட்டைக்கும் மென் அட்டைக்கும் பக்க எண் மாறும், மின்நூலில் சொல்லவே வேண்டாம். அதனால் குறித்து வைக்கும்போது அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் நான்கு சொற்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படி மூன்று இடம் போதும்: கோபம் வந்த ஒன்று, புரியாத ஒன்று, ஆசிரியரோடு ஒத்துப்போகாத ஒன்று. குழுவில் 20 பேர், நேரம் ஒரு மணி. அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் போனால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான் மிச்சம். மூன்றுக்குமேல் தேவைப்படாது.

கட்டுரை கேட்டிருந்தால் ஏஐ எழுதித் தந்ததை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். மார்க் இல்லாத வேலைதானே என்று நினைப்பீர்கள். வகுப்பே தொடங்காத நேரத்தில் நேர்மை விதிமீறல் புகாரில் பெயர் ஏறுவது தேவையா?

கடைசியாக, ஆங்கிலம் தடுமாறும் என்று வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். குறித்து வைத்த பத்தியை அப்படியே வாசித்துக் காட்டி, “இந்த இடம் எனக்குப் புரியவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை மற்றவர்கள் பேசுவார்கள்.