பேட்டரியைக் கழற்றினாலும் மறக்காத சில்லு

அலுவலகக் கணினியை வேறொருவரிடம் ஒப்படைக்கும் முன், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் கடவுச்சொல்லும் அழிந்துவிடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் அழிந்தன. 1984-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி/ஏடி கணினியில், கடிகாரத்தையும் அமைப்புகளையும் மோட்டோரோலா சில்லு ஒன்று சேர்த்தே காத்து வந்தது. அதன் 64 பைட்டில் கடிகாரத்துக்குரிய 14 போக, அமைப்புகளுக்கு 50 பைட்டே மிஞ்சியது. சிமாஸ் எனப்படும் அந்த நினைவகத்துக்கு உயிர் கொடுத்தது பேட்டரிதான். இன்றைய கணினியிலும் கடிகாரத்துக்கு பேட்டரி உண்டு. ஆனால் அலுவலகப் பயன்பாட்டுக்கான மேசைக் கணினிகளில் கடவுச்சொல் போன்றவை பெரும்பாலும் ஃபிளாஷ் சில்லில் எழுதப்படுகின்றன. அதற்கு பேட்டரி தேவையே இல்லை.

ஏன் தேவையில்லை என்பதுதான் இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது. பரவலாக வழங்கும் ஃபிளாஷ் வகையில், ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்குள்ளும் எந்த இணைப்பும் இல்லாமல், நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ, ஒரு சிறு தகடு இருக்கிறது. மிதக்கும் வாயில் எனப்படும் இதை 1967-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் சீ இருவரும் முன்வைத்தனர். அதில் எலக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் 0, வெளியேறியிருந்தால் 1. அழிப்பது என்றால் எலக்ட்ரான்களை வெளியே இழுப்பது. அழிந்த சில்லில் எல்லாம் 1 ஆகவே இருக்கும்.

ஆனால் வெளியேற வழி ஏது? இடையில் நிற்பது ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் டை ஆக்சைடு சுவர். அதைத் தாண்ட எலக்ட்ரானுக்குச் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலையில் அது கிடைக்காததால்தான் தகவல் பல ஆண்டுகள் நிலைக்கிறது. சில்லுக்குள் இருக்கும் மின்னழுத்த உயர்த்தி, அந்தச் சுவரின் குறுக்கே 10 வோல்ட் அளவில் செலுத்தும்போது, நானோமீட்டருக்கு ஒரு வோல்ட், அதாவது மீட்டருக்கு 100 கோடி வோல்ட் என்ற புலம் உருவாகிறது. செங்குத்தாக நின்ற ஆற்றல் தடை முக்கோணமாகச் சாய்ந்து, எலக்ட்ரான் கடக்க வேண்டிய தடிமன் 3 நானோமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. அந்தத் தொலைவைக் குவாண்டம் ஊடுருவலால், அதாவது தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாமலே அதன் ஊடாக நுழைந்து, கடந்துவிட முடியும். உலோகத்திலிருந்து வலிமையான புலம் எலக்ட்ரான்களைப் பிடுங்குவதை விளக்க, 1928-இல் ஃபௌலரும் நோர்டைமும் எழுதிய கோட்பாடு இது. மின்னணுக் கணினியே இல்லாத காலத்தில் பிறந்த அந்தக் கணக்கை நினைக்கையில், உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆராய்ச்சிக்கு நிதி என்று கேட்பது தவறு என்றே உறுதியாக எண்ணுகிறேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1-ஐ 0 ஆக்குவதைத் தனித்தனிப் பிட்டாகச் செய்யலாம். 0-வை மீண்டும் 1 ஆக்க, 4 கிலோபைட் போன்ற ஒரு தொகுதியை முழுவதுமாகத்தான் அழிக்க வேண்டும். ஆகவே யூஇஎஃப்ஐ எனப்படும் இன்றைய வகை பயாஸில் ஓர் அமைப்பை நீக்கும்போது, ஃபெர்ம்வேர் (சில்லிலேயே பதிந்துள்ள அந்த மென்பொருள்) பொதுவாக அதன் நிலையைக் குறிக்கும் பிட்டு ஒன்றை மட்டும் 0 ஆக்கி, “நீக்கப்பட்டது” என்று அடையாளமிட்டுவிடுகிறது. இடம் நிரம்பித் தொகுதி துப்புரவாக்கப்படும் வரை பழைய மதிப்பு சில்லிலேயே கிடக்கிறது. அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மாற்றுவது வேறு, நினைவகத்தைத் துடைப்பது வேறு.

எனவே கணினியைக் கைமாற்றுவோர், கடவுச்சொல்லை அறிந்தவர் வழியாக பயாஸ் பட்டியலிலேயே அதை நீக்கிவிட்டு, அந்த மாதிரியின் கையேடு சொல்லும் அழிப்பு முறையையோ ஜம்பரையோ (மதர்போர்டின் ஊசிமுனைகளை இணைக்கும் சிறு துண்டு) பயன்படுத்த வேண்டும். எஸ்எஸ்டி வட்டின் கோப்புகளுக்கு, அந்த வட்டே நிறைவேற்றும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளை வேண்டும். டிபிஎம் எனப்படும் பாதுகாப்புச் சில்லைத் துடைத்தால் அதிலுள்ள மறையாக்கத் திறவுகோல்கள் போய்விடும்; வட்டு விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டு, கோப்புகள் இன்னும் தேவைப்பட்டால், அதன் மீட்புத் திறவுகோலை முதலில் வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.