அந்தப் புத்தகம் எந்த வருஷத்தது, சார்?

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் ஒரு பழைய புத்தகத்தோடு சைட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். “தம்பி, ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலுன்னு அச்சுலயே போட்டிருக்கு. நீங்க ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணுங்கறீங்க. சிமெண்ட் கடைக்காரர்கிட்ட ஏதாவது ஏற்பாடா?” என்று கேட்டுவிட்டார். இதே கேள்வியைப் பல வீட்டுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு வரும் வீட்டுக்காரர்தான் எனக்குப் பிடித்தவர். “மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும்” என்று ஒதுங்கி நின்றுவிட்டு, கிரகப்பிரவேசம் முடிந்து விரிசலோடு வருகிறவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் வீடு கட்டுவது பற்றிய புத்தகத்துக்கு வயதும் உண்டு, ஊரும் உண்டு. இந்த இரண்டையும் பார்க்காமல் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

அந்த ஒன்றுக்கு இரண்டுக்கு நாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. இது எம்15 கலவை. ஐ.எஸ். 456 என்ற நம் கான்கிரீட் விதிநூலின் 1978 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இதை அனுமதித்தது. ஆக, அன்று அதை அச்சிட்டவர் சரியாகத்தான் அச்சிட்டார். 2000இல் விதிநூல் திருத்தப்பட்டபோது, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 (நான் சொன்ன ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று) என்று மாறியது. அதாவது 150 மில்லிமீட்டர் கனசதுரம் வார்த்து, 28ஆம் நாள் அழுத்திப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அதுவும் பாதிப்பு குறைந்த சூழலுக்குத்தான். கடலோரக் காற்று நேராகப் படும் இடம் என்றால் எம்30 கேட்கிறது. சட்டியால் அளந்து போடும் விகிதத்தையே எம்20 வரைக்கும்தான் விதிநூல் ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேல் மிக்ஸ் டிசைன், அதாவது பொருள்களைச் சோதித்து விகிதத்தைக் கணக்கிடுவது, செய்தாக வேண்டும். ஆகவே கடற்கரை வீட்டுக்கு ஒரு புத்தகம் மூன்று எண்ணில் விகிதம் எழுதிக் கொடுத்தால், அதை எடுத்த அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இதைச் சொன்னதும் தவறாமல் வரும் பதில்: “எங்க தாத்தா கட்டின வீடு இன்னும் நிக்குதே?” நிற்கிறதுதான். அந்த வீட்டில் கம்பி எங்கே இருக்கிறது? தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே தேக்குக் கட்டைகள் பரப்பி, மெலிந்த செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். துருப்பிடிக்க அதற்குள் இரும்புக் கம்பி கிடையாது. இன்றைய தளம் 5 அங்குலம், அதற்குள் கம்பி. கலவை நெகிழ்ந்து நுண்துளை கூடினால் ஈரமும் காற்றும் உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்து காரை உதிரும். தாத்தா வீட்டையும் இந்த வீட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சுண்ணாம்புக் கட்டு தெரிந்த ஆள் கிடைத்து, அதே முறையில் கட்டுவதானால் அந்தப் பழைய புத்தகம் தங்கம். கட்டுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். சுவரை ஒரு புத்தகத்திலும் தளத்தை இன்னொன்றிலும் எடுத்துக் கலப்பதுதான் ஆபத்து.

(விகிதத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. எம்20க்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 27 லிட்டர் சொச்சம்தான் உச்சம், ஈர மணலில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து. பதம் வரவில்லை என்று ஹோஸைத் திருப்பிவிட்டால் எந்த விகிதமும் காப்பாற்றாது.)

பொருள்களும் மாறிவிட்டன. இன்று வீட்டு வேலைக்குப் பலரும் வாங்குவது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். பழைய புத்தகம் எல்லாவற்றுக்கும் போட்ட கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும் என்று முடித்துவிடும். நம் வெயிலில் சாதாரண சிமெண்டுக்கே 10 நாளுக்குக் குறையக் கூடாது, பிபிசி போன்ற கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் என்கிறது விதிநூல். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும் நாள்களும் சாதாரண சிமெண்டை வைத்து எழுதியவைதான். கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டையும் பழைய நூல்களில் தேடாதீர்கள். மணல், ஜல்லிக்கான ஐ.எஸ். 383இன் 1970 பதிப்பு, தலைப்பிலேயே இயற்கையில் கிடைப்பவை என்று வரையறுத்துக்கொண்டது. செயற்கை மணல் 2016 பதிப்பில்தான் முறையாக இடம்பிடித்தது.

அடுத்து, அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய பளபள புத்தகம். பைண்டிங்கே ஆயிரம் ரூபாய் பெறும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மரச்சட்ட வீடு. சுவருக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு, அதன்மேல் ஜிப்சம் பலகை, வெளியே அழகுக்கு ஒரு வரிசை செங்கல். அஸ்திவார ஆழத்தை அங்கே பல மாநிலங்களில் மண் உறையும் ஆழம் பார்த்து முடிவுசெய்கிறார்கள். கோவில்பட்டியில் எது உறையப் போகிறது? இங்கே கவலை கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். அதற்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) அஸ்திவாரத்தையே உருவாக்கித் தந்திருக்கிறது. மகன் அனுப்பிய புத்தகத்தில் அது இருக்காது. இன்னொரு குழப்பம், அங்கே நான்காம் எண் கம்பி என்றால் அரை அங்குலம். அதை 4 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு என்னிடம் வாதாடியவரும் உண்டு. கான்கிரீட்டின் வலிமையையும் அவர்கள் உருளையில் சோதிப்பார்கள், நாம் கனசதுரத்தில். எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது.

விலை போட்ட புத்தகங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அளவு எடுக்கும் அத்தியாயம் என்றைக்கும் உதவும், ரூபாய் போட்ட அத்தியாயம் அச்சகத்தை விட்டு வெளியே வரும்போதே பழசு. கம்பெனிகள் இலவசமாகத் தரும் கையேட்டில் தண்ணீர் விடும் பக்கத்தை நம்பலாம். எந்தப் பொருள் சிறந்தது என்ற பக்கத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். வாஸ்து அத்தியாயம் புத்தகத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தால், மண் பரிசோதனைக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பதிப்பு ஆண்டு எது? மறுபதிப்பு என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், 1985இல் எழுதியதைப் போன வருஷம் மறுபடி அச்சடித்திருப்பார்கள். திருத்திய பதிப்பா என்று பாருங்கள். ஐ.எஸ். 456 என்று வரும் இடத்தில் பக்கத்தில் 1978 இருந்தால் கீழே வையுங்கள். தண்ணீர் விடும் பக்கத்தில் பிபிசியைத் தனியாகச் சொல்லியிருக்கிறதா? மண்ணைப் பற்றி ஒரு பத்தியோடு தாண்டிவிட்டதா? மனை எல்லையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு முந்தைய எதையும் நம்பாதீர்கள்.

எதுவும் சரிப்படவில்லையா, வாங்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் விதிநூல்களைக் காசில்லாமலேயே எடுத்துக்கொள்ளலாம். முழுக்கப் படிக்கச் சொல்லவில்லை, எங்களுக்கே தூக்கம் வரும். ஐ.எஸ். 456இல் மூன்றாம் அட்டவணையில் உங்கள் வீட்டுச் சூழல் எந்தப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள், ஐந்தாம் அட்டவணையில் அதற்கு என்ன கான்கிரீட் என்று பாருங்கள். அந்த இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே உங்கள் இன்ஜினியரைப் போய்ப் பாருங்கள், தயவுசெய்து.